முப்பத்தைந்து வயதுக்காரர் எங்கே போய்ப் படிப்பார்?

2017-இல் இங்கிலாந்தில் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 23 விழுக்காடு குறைந்துபோனார்கள். மருத்துவமனைகள் நர்சுகள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. படித்து முடித்தால் வேலை நிச்சயம். அப்படியும் ஆட்கள் விலகியதற்குக் காரணம், படிப்புக்குப் பணம் வரும் வழியை அரசு மாற்றியதுதான். அதுவரை நர்சிங் மாணவர்களின் கட்டணத்தை அரசே செலுத்தியது; கைச்செலவுக்கும் உதவித்தொகை தந்தது. 2017 முதல் மற்றப் பட்டப்படிப்புகளைப் போல இதற்கும் கடன் வாங்க வேண்டும் என்று விதி வந்தது. செலவுச் சுமை கருவூலத்தைவிட்டு இறங்கினால் 10,000 இடங்கள் வரை கூடுதலாகத் திறக்கலாம் என்பது அரசு சொன்ன கணக்கு.

யார் வராமல் போனார்கள் என்று பார்த்தால் விஷயம் துலங்கும். பள்ளியிலிருந்து நேராக வரும் 18 வயதினரிடம் சரிவு குறைவு. அதிகம் பின்வாங்கியவர்கள் வயதில் மூத்தவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வாடகையும் கட்டிக்கொண்டு, புதிதாக ஒரு தொழிலைக் கற்க நினைத்திருந்த பெண்கள் அவர்களில் நிறையப் பேர். மனநல நர்சிங், அறிவுசார் குறைபாடு உள்ளோரைப் பராமரிக்கும் நர்சிங் ஆகிய பிரிவுகள் இத்தகையவர்களைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு, திருப்பித் தர வேண்டாத உதவியாக, மறுபடி வந்தது. கட்டணக் கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

கல்வியைச் சந்தை முறையில் நடத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கிலாந்தைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. நம் சுயநிதிக் கல்லூரிகளைப் போலத் தனியார் புதிதாகக் கட்டியெழுப்பிய சந்தை அல்ல அங்கே இருப்பது. இருந்த அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே, சட்டத்தின் மேல் சட்டமாக, முப்பது ஆண்டுகளில் உண்டாக்கியது. ஒவ்வொரு படியும் ஆவணத்தில் இருப்பதால், எது எதனால் நடந்தது என்று பின்தொடர முடிகிறது.

முதலில் அந்த நாட்டின் அமைப்பு. 16 வயதுக்குப் பிறகு, பள்ளியை விட்டால், ஒருவர் படிக்கப் போகும் இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்த பல்கலைக்கழகம். மற்றொன்று தொடர்கல்விக் கல்லூரி. நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், மேல்நிலைப் பள்ளி, முதியோர் கல்வி மையம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிளம்பிங், எலக்ட்ரீஷியன் வேலை, முடிதிருத்தம், முதியோர் பராமரிப்பு எல்லாம் அங்கே கற்கலாம். பள்ளியில் கணக்கில் தவறியவர் திரும்ப எழுதலாம். அகதியாக வந்தவர் ஆங்கிலம் படிக்கலாம். அந்நாட்டுச் செய்தித்தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் பற்றி எழுதுவதில் நூறில் ஒரு பங்கு இந்தக் கல்லூரிகளைப் பற்றி எழுதியிருந்தாலே நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முழுநேரமாக முதல் பட்டம் படிப்பவரின் கட்டணத்தை உள்ளாட்சி அமைப்பே செலுத்தியது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தந்தது. மறு ஆண்டு ராபின்ஸ் குழு, தகுதியும் விருப்பமும் உள்ள எல்லோருக்கும் உயர்கல்வியில் இடம் இருக்க வேண்டும் என்ற கொள்கையை வகுத்தது. பாலிடெக்னிக்குகளும் தொடர்கல்விக் கல்லூரிகளும் அந்தந்த ஊர் நிர்வாகத்தின் கையில் இருந்தன.

இதைக் கலைக்கும் வேலை கட்டணத்தில் தொடங்கவில்லை, உடைமையில் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டின் தொடர்கல்வி, உயர்கல்விச் சட்டம் பாலிடெக்னிக்குகளைப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. 1993 ஏப்ரல் 1 முதல் தொடர்கல்விக் கல்லூரிகளை உள்ளாட்சியிடமிருந்து பிரித்து, தனித்தனி நிறுவனங்களாக்கி, மாணவர் எண்ணிக்கைக்காக ஒன்றோடொன்று மோதவிட்டது. பிறகு கட்டணம் வந்தது. 1998-இல் டோனி பிளேரின் தொழிற்கட்சி அரசு ஆண்டுக்கு 1,000 பவுண்டு என்று தொடங்கியது. 2006-இல் அது 3,000 ஆனது. அதற்கான மசோதா 2004-இல் நாடாளுமன்றத்தில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில்தான் தப்பியது.

பெரிய திருப்பம் 2010. எண்ணெய் நிறுவனமான பி.பி.யின் முன்னாள் தலைமை அதிகாரி பிரவுன் பிரபு தலைமையிலான குழு, கட்டணத்துக்கு உச்சவரம்பே வேண்டாம் என்றது. அரசு 9,000 பவுண்டு என வரம்பு வைத்தது. டிசம்பர் 9 அன்று, வெளியே மாணவர்கள் தெருவில் நிற்க, 323-க்கு 302 என்ற கணக்கில் அது நிறைவேறியது. கட்டண உயர்வை எதிர்த்து வாக்களிப்போம் என்று தேர்தலுக்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லிபரல் டெமாக்ரட் கட்சி, அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. கூடவே கலை, மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களைக் கற்பிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு நேரடியாகத் தந்துவந்த மானியம் முற்றிலும் நின்றது. வரலாறும் இலக்கியமும் மாணவரின் கடனில்தான் இனி நடக்க வேண்டும் என்றானது.

அந்தக் கடன் நம் வங்கிக் கல்விக்கடன் போன்றதல்ல. 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதித்தால், மேற்பட்ட தொகையில் 9 விழுக்காடு சம்பளத்திலேயே பிடித்தமாகும். 30,000 வாங்குபவருக்கு ஆண்டுக்கு 450 பவுண்டு. வேலை இல்லை என்றால் பிடித்தம் இல்லை. 40 ஆண்டுகளில் தீராததைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஜப்திக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால் இது மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு என்று பலர் வாதிடுகிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பாருங்கள். பெற்றோர் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குக் கடனே இல்லை. கடன் வாங்கி, லண்டனில் வங்கி வேலைக்குப் போனவர் சீக்கிரம் அடைத்துவிடுவார். வட்டி அதிகம் ஏறாது. ஊர்ப் பள்ளியில் ஆசிரியரானவர் அறுபது வயதை ஒட்டும் வரை கட்டிக்கொண்டிருப்பார், வட்டியோடு சேர்த்து மற்றவரைவிட அதிகமாகக்கூட.

இப்போது படிப்பு முடிக்கும் ஒருவர் சராசரியாகச் சுமார் 50,000 பவுண்டு கடனோடு வெளியே வருகிறார். இங்கிலாந்தில் நிலுவையில் உள்ள மொத்த மாணவர் கடன் 20,000 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. இதில் பெரும் பங்கு திரும்பாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். ஆனாலும் பல ஆண்டுகள் அரசுக் கணக்கில் இது செலவாகவே தெரியவில்லை. 2018 டிசம்பரில்தான் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம், திரும்பாத பகுதியை அன்றே செலவாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. எனவே மக்கள் வரிப்பணம் உயர்கல்விக்குப் போவது ஒருபோதும் நிற்கவில்லை. எந்தப் பாடம், எந்த ஊர், யாருக்கு என்று பொதுவில் முடிவு செய்யும் உரிமையைத்தான் நாடு கைவிட்டது.

சந்தை தன் சொந்த வாக்குறுதியையாவது காப்பாற்றியதா? கல்லூரிகள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும், தரத்தைக் கூட்டும் என்றார்கள். 9,000 பவுண்டு வாங்குவது விதிவிலக்காகத்தான் இருக்கும் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களும் உச்சவரம்பையே வாங்கின. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஜவுளிக்கடையில் துணியைத் தொட்டு, விரித்துப் பார்த்து வாங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடை. படிப்பு அப்படிப்பட்டதல்ல. படித்து முடித்துச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அது நல்லதா என்று தெரியும், அதையும் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒருமுறைதான் வாங்குகிறார்கள். தரத்தை நேரில் அறிய முடியாதபோது விலையையே தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். விலையைக் குறைத்த கல்லூரி, நான் மட்டம் என்று தானே எழுதி ஒட்டிக்கொண்டதாகிவிடும்.

விலையில் போட்டி இல்லாதபோது எண்ணிக்கையில் போட்டி வந்தது. 2015-இல் ஒரு பல்கலைக்கழகம் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்ற வரம்பு நீங்கியது. பெயர் பெற்றவை வீங்கின, மற்றவை மெலிந்தன. 2017-இல் 9,250 பவுண்டாக ஆன கட்டணம் 2025 வரை அங்கேயே நின்றது. விலைவாசி ஏறிக்கொண்டே போனது. உள்நாட்டு மாணவரைச் சேர்த்தால் நட்டம் என்ற நிலை வந்தபோது, உச்சவரம்பே இல்லாத வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கொண்டு ஓட்டையை அடைத்தார்கள். நிலத்தை அடகு வைத்து ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அந்தக் குடும்பங்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை: அவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அங்கே உள்ள இளநிலை வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகிறது. 2024 ஜனவரி முதல், முதுநிலைப் பாட மாணவர்கள் துணையையும் பிள்ளைகளையும் அழைத்துவர முடியாது என்று விசா விதி மாறியதும் வரத்து குறைந்தது; பல்கலைக்கழகங்கள் ஆட்டம் கண்டன. 2024–25-இல் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை பற்றாக்குறையில் முடியும் என்று ஒழுங்குமுறை ஆணையமே கணித்தது. ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே, 2022-இல், ஆங்கில இலக்கியப் பட்டத்தை நிறுத்திவைத்திருந்தது. கென்ட் பல்கலைக்கழகம் தத்துவத்தையும் கலை வரலாற்றையும் மூடியது.

பாடங்களை மூடுவதற்கு இன்னொரு அளவுகோலும் கைகொடுத்தது: படித்தவர் பின்னால் எவ்வளவு சம்பாதிக்கிறார், எத்தகைய வேலையில் இருக்கிறார் என்ற தரவு. சம்பளம் குறைந்தால் படிப்பு மட்டமானது என்று அமைச்சர்கள் பேசத் தொடங்கினார்கள். வேலையில்லாத வட்டாரத்தில் படித்து, அங்கேயே தங்கி, குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவரின் சம்பளம் குறைவுதான். அந்த வட்டாரத்துக்கு அவர் எவ்வளவு தேவை என்பது எந்தத் தரவிலும் ஏறாது.

இத்தனைக்கும் நடுவே, முன்பு சொன்ன தொடர்கல்விக் கல்லூரிகளின் கதை சத்தமில்லாமல் நடந்தது. 2010-க்குப் பின் பத்தாண்டுகளில் வகுப்பறையில் நடக்கும் பெரியவர் கல்விக்கு அரசு செலவிட்ட தொகை, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், பாதியானது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் 16 வயதுக்குப் பின்னும் படிக்க வாரம் 30 பவுண்டு வரை தந்த உதவித்தொகையை இங்கிலாந்து நிறுத்தியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அது இன்றும் உண்டு. 2013-இல் 24 வயது நிரம்பியவர் உயர்நிலைத் தொழிற்படிப்புக்குக்கூடக் கடன் வாங்க வேண்டும் என்றார்கள். கல்லூரிகள் ஒன்றோடொன்று இணைந்து இணைந்து 1993-இல் இருந்த எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதியாயின. கம்பெனிகளைப் போல அவையும் திவாலாகலாம் என்று 2019-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே கென்ட் மாவட்டத்தின் ஹாட்லோ கல்லூரி அந்தச் சட்டத்தின் கீழ் போன முதல் கல்லூரியானது. பள்ளி ஆசிரியரைவிடக் கல்லூரி ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. கட்டடத் தொழில் தெரிந்தவர் அதை வகுப்பில் கற்பிப்பதைவிடத் தானே செய்தால் அதிகம் சம்பாதிக்கலாம் என்ற நிலையில், கற்பிக்க யார் வருவார்?

பல்கலைக்கழகத்திலும் அடிவாங்கியது இதே வயதினர்தான். 2008-இல் ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையில் வேறொன்று படித்தால் மானியம் இல்லை என்றார்கள். 2012-இல் கட்டணம் ஏறியது. பகுதிநேரமாக இளநிலை படிக்கச் சேர்வோர் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே போனார்கள். 40 ஆண்டு அடைக்க வேண்டிய கடனை 18 வயதில் எடுக்கத் துணியலாம். 35 வயதில், ஏற்கெனவே வீட்டுக்கடன் இருக்கும்போது, எத்தனை பேர் துணிவார்கள்? ஒரு நாட்டின் உயர்கல்வி எப்படி இருக்கிறது என்று அறிய, நல்ல மதிப்பெண் வாங்கிய பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளை எந்த ஏற்பாட்டிலும் கரையேறிவிடும். பள்ளியை விட்டுப் பதினைந்து ஆண்டு வேலை செய்துவிட்டு, இனி படிக்கலாமா என்று யோசிப்பவருக்கு எத்தனை கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கதவுகளை அந்த நாடே ஒருகாலத்தில் அருமையாகக் கட்டியிருந்தது என்பதுதான் வருத்தம். 1903-இல் உருவான தொழிலாளர் கல்விச் சங்கம், 1908-இல் ராச்டேல், லாங்டன் ஆகிய இரு தொழில் நகரங்களில் பல்கலைக்கழகத் தரத்தில் வகுப்புகள் தொடங்கியது. பஞ்சாலையிலும் மட்பாண்ட ஆலையிலும் வேலை முடித்து வந்தவர்கள் மூன்று ஆண்டு தொடர்ந்து படிப்பதாக வாக்குக் கொடுத்துச் சேர்ந்தார்கள். ஒரு மணி நேரம் பாடம், அடுத்த ஒரு மணி நேரம் விவாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. எந்தப் பாடம் வேண்டும் என்பதை வகுப்பே முடிவு செய்தது. ஆசிரியர் ஆர். எச். டானி பின்னாளில் பெயர்பெற்ற பொருளாதார வரலாற்றறிஞர் ஆனார். இதே மரபில் யார்க்‌ஷயரில் மாலை வகுப்பு எடுத்த ஈ. பி. தாம்சன், ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான வரலாற்றை 1963-இல் எழுதினார். பெரியவர்களுக்குக் கற்பித்தவர்கள் அவர்களிடமிருந்து கற்றதால்தான் அந்த நூல் சாத்தியமானது என்று நம்புகிறேன்.

அதன் தொடர்ச்சி திறந்த பல்கலைக்கழகம். 1969-இல் சாசனம் பெற்று, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சுரங்கத் தொழிலாளியின் மகளான அமைச்சர் ஜென்னி லீ, சேர்வதற்கு எந்த முன்தகுதியும் கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் இம்மியும் குறையக் கூடாது என்ற இரண்டிலும் உறுதியாக நின்றார். நம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்ததற்கும் அது ஒரு முன்மாதிரி.

சந்தைக்கு வெளியே வழி உண்டா என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஜெர்மனியில் 2005-க்குப் பின் ஏழு மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்துப் பார்த்தன. பவேரியாவில் 2013 ஜனவரியில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை எதிர்த்து அலுவலகங்களுக்கு நேரில் சென்று கையெழுத்திட்டார்கள். 2014-இல் கடைசி மாநிலமும் கைவிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே நகராட்சிகளும் மாவட்டங்களும் ஆதரித்து நடத்தும் மக்கள் உயர்பள்ளிகள். எண்ணூறுக்கும் மேல் உள்ளன. மொழி, கணக்கு, சமையல், அரசியல் என்று மாலையில் யாரும் போய்க் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். இவற்றை அரசு வளர்க்க வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்காட்லாந்தில் அந்த மண்ணின் மாணவருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அரசு தலைக்குத் தரும் தொகை போதாது. உள்ளூர் மாணவருக்கு இடவரம்பும் உண்டு. அங்கும் வெளிநாட்டுப் பணத்தை நம்பியே வண்டி ஓடுகிறது. 2024 இறுதியில் டண்டீ பல்கலைக்கழகம் பெரும் பற்றாக்குறையில் சிக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இலவசம் என்று அறிவித்துவிட்டு அதற்குரிய பணத்தைத் தராவிட்டால் அது பாதி வேலை.

இன்னொரு எதிர்வாதத்தையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பிளம்பரின் வரிப்பணத்தில் வக்கீல் மகன் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வக்கீலின் மகன் பின்னால் அதிகம் சம்பாதித்தால் அதிக வருமான வரி கட்டுவான்; வரி இருப்பதே அதற்குத்தான். மேலும், பிளம்பரின் பேரில் இந்தக் கேள்வியைக் கேட்ட அதே ஆட்சிகள்தான் அவர் தொழில் கற்ற கல்லூரியின் நிதியையும் வெட்டின. பல்கலைக்கழகத்தில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்ச் சேரவில்லை.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது வேல்ஸ். அங்கேயும் கட்டணம் உண்டு. ஆனால் டயமண்ட் குழுவின் பரிந்துரைப்படி 2018 முதல், திருப்பித் தர வேண்டாத வாழ்க்கைச் செலவு உதவியைப் பகுதிநேரமாகப் படிப்பவருக்கும் விகிதப்படி கொடுத்தார்கள். பகுதிநேர மாணவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம், இங்கிலாந்தில், அவர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில். அடுத்து 2024 ஆகஸ்டு முதல் பல்கலைக்கழகம், தொடர்கல்விக் கல்லூரி, தொழில் பழகுநர் பயிற்சி, பெரியவர் கல்வி ஆகிய அனைத்துக்கும் மெத்ர் என்ற ஒரே ஆணையம் பொறுப்பேற்றது. ஒரு வட்டாரத்துக்கு என்னென்ன படிப்பு தேவை, அதில் எதை எந்த நிறுவனம் நடத்தலாம் என்று சேர்த்துப் பார்க்க இதனால் முடியும். இரண்டு நிறுவனங்கள் ஒரே மாணவருக்காக விளம்பரப் பலகை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கிலாந்திலும் 2022 நவம்பரில் ஒரு சின்னத் திருத்தம் நடந்தது. தொடர்கல்விக் கல்லூரிகள் அரசுத் துறையைச் சேர்ந்தவையே என்று புள்ளியியல் அலுவலகம் மறுபடி வகைப்படுத்தியது. கணக்கேட்டில் நடந்த இந்த மாற்றத்தை நிர்வாகத்திலும் கொண்டுவந்து, அவற்றுக்கு மாணவர் தலையை எண்ணாமல் நிலையான மானியம் தந்து, அந்தந்த ஊரின் பிரதிநிதிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்தால், 1993-இல் அறுந்த நூலைத் திரும்ப முடியலாம்.

2027 ஜனவரியில் அங்கே வாழ்நாள் கற்றல் உரிமை என்ற புதிய ஏற்பாடு தொடங்குவதாக இருக்கிறது. மொத்தம் நான்கு ஆண்டுப் படிப்புக்கான தொகையை வாழ்நாளில் துண்டு துண்டாக, கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ எடுத்துப் படிக்கலாம். வடிவம் நல்லது; பலரும் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததும் இதையேதான். ஆனால் தரப்போவது கடன். 2017-இல் நர்சிங் படிக்க வராமல் போன பெண்ணிடம், இப்போது சின்னச் சின்னத் தவணையாகக் கடன் வாங்கு என்கிறது இந்த ஏற்பாடு. அந்த நான்கு ஆண்டில் முதல் இரண்டையாவது, பட்டம் இல்லாத பெரியவர் எவருக்கும் மானியமாகவே கொடுத்துப் பார்க்கட்டும். வேல்ஸில் வந்தவர்களைப் போல இங்கிலாந்திலும் வருவார்கள்.